கொல்லன் தெரு ஊசியும் நியூகாஸில் நிலக்கரியும்

போன மாசம் ஒரு சாயங்காலம். ஃபேர்லேண்ட்ஸ் வீட்டு மாடி ரூம்ல உக்காந்து வழக்கம்போல ஆணி புடுங்கிட்டிருந்தேன். (ஆணின்னா ஆபீஸ் வேலைன்னு தெரியாதவங்க இன்னும் யாராச்சும் இருக்கீங்களா என்ன?) கால்ல அந்தப் பக்கம் இங்கிலாந்து க்ளையன்ட். அவங்க டேட்டாபேஸ் டீமுக்கு நாம ரெண்டு நாள் ட்ரெய்னிங் குடுத்தா என்னன்னு நான் பெரிய மனுஷனாட்டம் ஒரு ஐடியா சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் மேனேஜர் மெதுவா, "அது கோல்ஸ் டு நியூகாஸில் ஆயிடும்னு நினைக்கிறேன்"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சா போச்சு, அர்த்தமா முக்கியம்?

நியூகாஸில்ங்கறது அவங்க டேட்டா சென்டர் ஏதோ ஒண்ணோட பேர்னு நினைச்சுட்டேன். கால் முடிஞ்சதும் மினிட்ஸ்ல "நியூகாஸில் மைக்ரேஷன் - விவரம் கேட்க வேண்டும்"னு எழுதி பன்னெண்டு பேருக்கு மெயிலும் அனுப்பியாச்சு. பத்து நிமிஷத்துல பதில் வந்துது. மூணு சிரிப்பு பொம்மை, கீழ ரெண்டு வரி விளக்கம். நிலக்கரி விளையற ஊருக்கே நிலக்கரி மூட்டை தூக்கிட்டுப் போறது. அதாவது, எங்களுக்கேவா?

அடப்பாவிகளா, இது நம்ம "கொல்லன் தெருவுல ஊசி விக்கிறது" தானே! இஞ்சினியரிங் காலேஜ்ல கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்னு ஒரு பேப்பர் வச்சு ஒரு செமஸ்டர் பூரா உயிரை வாங்கினாங்க. இதை மட்டும் எவனும் சொல்லித் தரலை. பேருக்குத்தான் ஃபேர்லேண்ட்ஸ்காரன், இங்கிலீஷ்ல இன்னும் நாலு ரோட்டைத் தாண்டலை :-)

மானம் போனதுதான் மிச்சம், அர்த்தமாவது முழுசா தெரிஞ்சுக்குவோம்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட அது நியூகாஸில்ல ஆரம்பிச்சு சுத்தி வளைச்சு எங்க சேலத்துக்கே வந்து நின்னுது. அந்தக் கதைதான் இது.

முதல்ல அந்த ஊர். இங்கிலாந்துக்கு வடகிழக்குல டைன்னு ஒரு ஆறு, அதன் கரையில நியூகாஸில். சுத்திலும் நிலக்கரிச் சுரங்கம். லண்டன்காரன் குளிர்ல அடுப்பு மூட்டணும்னா டைன்ல இருந்து கப்பல்ல கரி வரணும். கடல் வழியா வந்ததால அதுக்கு "கடல் கரி"ன்னே பேரு. 1600ல எலிசபெத் ராணி ஒரு சாசனம் குடுத்து, அந்த ஊர் வியாபாரிகள் சங்கத்துக்கு டைன் கரி விக்கிற ஏகபோக உரிமையையும் தந்துட்டாங்க. அதனால அந்த ஊருக்குள்ள கரி கொண்டுபோறவன் வெறும் முட்டாள் இல்லை, டபுள் முட்டாள். வாங்கவும் ஆள் இல்லை, விக்கவும் உரிமை இல்லை. 1600களோட நடுவுலயே இது எல்லாரும் சொல்ற பழமொழி ஆயிடுச்சு.

எல்லா ஊர்லயும் இதுக்கு ஒரு ஜோடி இருக்கு. பழைய கிரேக்கத்துல ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுபோறதும்பாங்க (ஏதென்ஸ் காசுலயே ஆந்தை படம் இருக்கும்). ரஷ்யாக்காரன், சமோவார் செய்யற தூலா ஊருக்கே சொந்த சமோவாரோட போறதும்பான். நம்மகிட்ட இதுக்குப் பஞ்சமே இல்லை. திருநெல்வேலிக்கே அல்வாவா, திருப்பதிக்கே லட்டா. எங்க ஊர்ல சேலத்துக்கே மாம்பழமா. ஆனா இதுல எல்லாம் பழசு கொல்லன் தெருதான். பதினெண்கீழ்க்கணக்குல இருக்கிற பழமொழி நானூறுல, முன்றுறை அரையனார்ங்கறவர் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பழமொழியை வச்சுப் பாடியிருக்கார். அதுல கொல்லர் சேரியில தையல் ஊசி விக்கிறவங்க இல்லைங்கற பழமொழியும் ஒண்ணு. நியூகாஸில்ல முதல் சுரங்கம் வெட்டறதுக்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னாடியே நம்மாளு சொல்லிட்டான்னு காலரைத் தூக்கி விட்டுக்கலாம். அவசரப்படாதீங்க, காலர் கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும்.

நடுவுல ஒரு காமெடி. டிமோத்தி டெக்ஸ்டர்னு அமெரிக்காவுல, மாசசூசெட்ஸ் பக்கம், 18ம் நூற்றாண்டுல ஒரு வியாபாரி. படிப்பு கம்மி, பணம் ஜாஸ்தி. அவரைக் கவுக்கணும்னே யாரோ "நியூகாஸிலுக்கு நிலக்கரி அனுப்புய்யா"ன்னு ஏத்திவிட்டாங்களாம். மனுஷன் நிஜமாவே கப்பல் நிறைய அனுப்பிட்டார். கப்பல் போய்ச் சேர்ந்த நேரம் அங்க சுரங்கத் தொழிலாளிங்க ஸ்ட்ரைக். கரி நல்ல லாபத்துக்கு வித்துப் போச்சுன்னு கதை. எவ்வளவு நிஜமோ, கட்டுக்கதை வாசனை தூக்கலா அடிக்குது. ஆனா அந்த ஆள் 1802ல ஒரு புஸ்தகம் போட்டார், அதுல கமா புள்ளி எதுவுமே கிடையாது. ஜனங்க திட்டினதும், அடுத்த பதிப்புல கடைசியா ஒரு பக்கம் பூரா கமாவும் புள்ளியுமா அச்சடிச்சு, வேணுங்கற இடத்துல நீங்களே தூவிக்கங்கன்னுட்டார். இது மட்டும் சத்தியமான உண்மை. ஏறக்குறைய என் கோடுல இருக்கிற கமென்ட் மாதிரி.

சரி, மேட்டருக்கு வருவோம். எங்க அம்மாயி ஊர் கஞ்சமலை அடிவாரம். தெரியாதவங்களுக்கு: சேலத்துல இருந்து மேற்கால போனா சித்தர் கோயில்னு ஒண்ணு வரும், அமாவாசைன்னா கூட்டம் அள்ளும். அந்தக் கோயிலுக்குப் பின்னாடி நிக்கிறதுதான் கஞ்சமலை. மலை முழுக்க மேக்னடைட், அதாவது காந்தத்துல ஒட்டற இரும்புத் தாது. சின்ன வயசுல லீவுக்குப் போனா எங்களுக்கு ஒரே விளையாட்டு. உடைஞ்சுபோன ஸ்பீக்கர்ல இருந்து காந்தத்தை எடுத்து, கயித்துல கட்டி, ஓடை மணல்ல இழுத்துட்டே போவோம். கொஞ்ச நேரத்துல காந்தம் கறுப்பா மயிர் முளைச்ச மாதிரி ஆயிடும். "இரும்பு விளையற மண்ணுடா இது, மழை பேஞ்சா மலை கரைஞ்சு ஓடையில வரும்"னு அம்மாயி சொல்லும். அந்தக் கறுப்பு மண்ணை வச்சு என்ன செய்யறதுன்னு எங்களுக்குத் தெரியாது. தீப்பெட்டியில அடைச்சு வச்சுட்டுத் தொலைச்சிடுவோம்.

ஆனா இருநூறு வருஷத்துக்கு முன்னாடி அதே மண்ணை என்ன செய்யறதுன்னு அந்தச் சுத்துவட்டார ஆளுங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. தாதுவை இடிச்சு, கழுவி, ஆள் உயர மண் உலையில கரியோட போட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால ஊதி இரும்பு எடுத்திருக்காங்க. அதோட நிக்கலை. அந்த இரும்பைத் துண்டு துண்டா வெட்டி, சின்ன மண் மூசையில போட்டு, கூடவே ஆவாரங்குச்சி, மேல எருக்கிலை வச்சு, வாயைக் களிமண்ணால அடைச்சு, இருபது இருபத்திநாலு மூசையை ஒண்ணா அடுக்கி ரெண்டரை மணி நேரம் ஊதுவாங்க. ஆறினதும் மூசையை உடைச்சா உள்ள உருண்டையா ஒரு கட்டி. அதுதான் உருக்கு. குச்சியும் இலையும் சும்மா சாமிக்கு வச்சதில்லை, அதுல இருந்துதான் கார்பன் இரும்புக்குள்ள இறங்குது. சேலம், திருச்சி பக்கம் ரோட்டோரம் கேட்பாரில்லாம நிக்குதே அந்த ஆவாரமும் எருக்கும்தான்.

வெள்ளைக்காரன் இதை "வூட்ஸ்"னான். கன்னடத்து உக்கு, நம்ம உருக்கு இதுல ஒண்ணு அவன் காதுலயோ கையெழுத்துலயோ மாறி அப்படி ஆச்சுன்னுதான் பெரும்பாலும் சொல்றாங்க. 1790கள்ல பம்பாயில இருந்து ஒரு டாக்டர் கொஞ்சம் கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்ப, 1795ல ஜார்ஜ் பியர்சன் அதைப் பத்திக் கட்டுரையே படிச்சார். அப்புறம் ஸ்டோடார்ட்னு கத்தி செய்யறவர் ஒருத்தரும், நம்ம ஒன்பதாம் கிளாஸ் புத்தகத்து மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து பல வருஷம் இதை ஆராய்ச்சி பண்ணினாங்க. மின்சாரத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஃபாரடே மண்டையைக் குழப்பிக்கிட்ட விஷயங்கள்ல ஒண்ணு நம்மூர் மூசை உருக்கு.

இங்கதான் ஹீரோ என்ட்ரி. ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, சேலத்துல இருந்தவர். இந்த மலைகளையும் இந்த உலைகளையும் பாத்துப் பித்துப் பிடிச்சுப் போச்சு மனுஷனுக்கு. வேலையை விட்டுட்டு, சென்னை ராஜதானியில பெரிய அளவுல இரும்பு உருக்கறதுக்குத் தனி உரிமை வாங்கி, கம்பெனிகிட்டயே கடனும் வாங்கி, 1830ல பரங்கிப்பேட்டைக் கடற்கரையில இங்கிலாந்து மாடல் ஊதுலை வச்சார். இன்னிக்குத் தேதிக்குச் சொல்லணும்னா நல்ல சம்பளத்தை உதறிட்டு ஸ்டார்ட்டப் ஆரம்பிச்ச கேஸ்.

திட்டம் என்ன தெரியுமா? சேலத்துத் தாதுவுல எடுத்த இரும்பைக் கப்பல்ல ஏத்தி ஷெஃபீல்டுக்கு அனுப்பி விக்கிறது. ஷெஃபீல்டு யாரு? இங்கிலாந்துக்கே கத்தி செஞ்சு குடுக்கிற ஊர். 14ம் நூற்றாண்டுலயே சாஸர் தன் கதையில ஒருத்தன் காலுறையில ஷெஃபீல்டு கத்தியைச் சொருகி வச்சிருக்கார். உலகத்துக்கே உருக்கு விக்கிற கொல்லன் தெரு அது. அங்க போய் இரும்பு விக்கிறேன்னு கிளம்பினார் ஹீத். நியூகாஸிலுக்குக் கரிங்கறது இதானே!

ஆனா யோசிச்சுப் பாத்தா அது முட்டாள்தனம் இல்லீங்க. ஷெஃபீல்டுல உருக்கு செஞ்சாங்களே தவிர, நல்ல உருக்குக்கு வேண்டிய சுத்தமான இரும்பு அவங்ககிட்ட இல்லை. ஸ்வீடன்ல இருந்துதான் வாங்கினாங்க. அந்த ஸ்வீடன் இரும்புக்குப் பதிலா சேலத்து இரும்புங்கறதுதான் ஹீத் போட்ட கணக்கு. கொல்லன் தெருவுல ஊசி விக்க முடியாதுதான், ஆனா கொல்லனுக்கு இரும்பு விக்கலாமில்ல? பழமொழி கவனிக்காம விட்ட சந்து அது.

கணக்கு சரி, கல்லாதான் காலி. தாது கிடைக்கிறது சேலத்துல, உலை இருக்கிறது கடற்கரையில, நடுவுல நூறு மைலுக்கு மேல. இந்தப் பக்கம் ரயில் வந்ததே 1860களை ஒட்டித்தான். அதைவிடப் பெரிய பிரச்சினை கரி. நம்மகிட்ட நல்ல நிலக்கரி கிடையாது, எல்லாம் மரக்கரி. ஊதுலை ஒரு பகாசுரன், காட்டையே தின்னும். பக்கத்துக் காடு தீர்ந்தா தூரத்துக் காடு, அப்புறம் அதைவிடத் தூரம். நியூகாஸில்காரனுக்குக் காலடியில கிடந்த கரி இங்க இல்லாததுதான் ஹீத் தலையில கல்லைப் போட்டுது. கம்பெனி கைமாறி, பேர் மாறி, பேப்பூரு வரைக்கும் கிளை விரிச்சு, 1870கள்ல மொத்தமா மூடுவிழா.

(பிரிட்டன்ல மெனாய் ஜலசந்தி மேல இருக்கிற ரெண்டு பாலமும் பரங்கிப்பேட்டை இரும்புல கட்டினதுன்னு ஒரு பெருமை அடிக்கடி கண்ணுல படும். மெனாய் தொங்குபாலம் 1826லயே திறந்தாச்சு. பரங்கிப்பேட்டை உலை 1830. கூட்டிக் கழிச்சுப் பாத்துக்கங்க. 1850ல திறந்த பிரிட்டானியா பாலத்துக்காவது காலம் ஒத்துவருது. பெருமையை ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்கப்பா.)

ஹீத்தோட நிஜமான சோகம் வேற. அவர் இங்கிலாந்து திரும்பி, 1830களோட கடைசியில இந்திய இரும்பைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். மூசையில இரும்போட குச்சியும் இலையும் வைக்கிற நம்மாளு முறையில, அவங்க நாட்டுல மஷெட்டும் மக்கின்டோஷும் தனித்தனியா பேடன்ட் வாங்கின ரெண்டு தத்துவமும் சேர்ந்தே இருக்குன்னு அதுல ஆச்சரியப்பட்டிருக்கார். பேடன்ட்டா, பத்திரமா, ஒண்ணும் கிடையாது. அப்பன் சொல்லி மகன் செஞ்சான், அவ்வளவுதான்.

அடுத்து 1839ல அவரே ஒரு பேடன்ட் எடுத்தார். உருக்கு மூசையில கொஞ்சம் மாங்கனீஸ் கார்புரெட் சேர்த்தா, மட்டமான இரும்புல இருந்தும் நல்லா பத்தவைக்கிற, அடிச்சா உடையாத உருக்கு கிடைக்கும்னு. அபாரமான கண்டுபிடிப்பு. ஆனா அந்த கார்புரெட்டைத் தனியா தயாரிக்கச் செலவு ஜாஸ்தி. அப்புறமா அவருக்கே ஒரு குறுக்குவழி தோணுச்சு: மாங்கனீஸ் ஆக்ஸைடையும் தாரையும் நேரா மூசையில போட்டுட்டா, சூட்டுல உள்ளயே கார்புரெட் உருவாயிடுமே! இதை நம்பிக்கையா தன்னோட ஏஜென்ட் அன்வின்ங்கறவர்கிட்ட சொல்லிட்டார். பேடன்ட்ல மட்டும் எழுதலை.

அன்வின் என்ன பண்ணினார்? தனியா கடை போட்டார். "பேடன்ட்ல இருக்கிறது கார்புரெட். நான் போடறது ஆக்ஸைடும் தாரும். அது வேற, இது வேற"ன்னுட்டார். ஷெஃபீல்டே அந்த வழியில போச்சு. நம்ம பாஷையில சொல்லணும்னா, லைசென்ஸ்ல ரெடிமேட் லைப்ரரின்னு எழுதியிருக்கு, நான் அதை ரன்டைம்ல ஜெனரேட் பண்ணிக்கிறேன், அதனால லைசென்ஸ் காசு கிடையாதுன்னு சொல்ற மாதிரி. இன்னிக்கும் நடக்கிறதுதான். கேஸ் கோர்ட் கோர்ட்டா வருஷக்கணக்குல இழுத்து, 1855ல பிரபுக்கள் சபை வரைக்கும் போய், அன்வின் பக்கம் தீர்ப்பாச்சு. ஹீத் அதுக்கு முன்னாடியே, 1851ல, நொடிச்ச நிலையில செத்துப்போயிட்டார்.

இதுல எனக்குத் தாங்க முடியாத விஷயம் ஒண்ணு. மாங்கனீஸ் போட்டா மட்ட இரும்பே போதும்னா, அப்புறம் ஷெஃபீல்டுக்கு எதுக்குங்க சேலத்து உசத்தி இரும்பு? பரங்கிப்பேட்டை இரும்புக்கு வெளிநாட்டுல இருந்த ஒரே நியாயத்தை அவரோட கண்டுபிடிப்பே காலி பண்ணிடுச்சு. சொந்தச் செலவுல சூனியம்னு வடிவேலு சொல்றது இதைத்தான்.

அப்ப நம்ம உலைக்காரங்க? அவங்களுக்குக் கோர்ட்டும் கிடையாது, பிரபுக்கள் சபையும் கிடையாது. ரயில் வந்துது, அதுல மலிவு இங்கிலீஷ் இரும்பு வந்துது. 1882ல வனச் சட்டம் வந்துது, கரிக்கு மரம் வெட்டறது கஷ்டமாச்சு. யாரும் வந்து உலையை இடிக்கலை. ஒவ்வொண்ணா பத்தவைக்காம விட்டாங்க, அவ்வளவுதான். ஒரு தலைமுறை செய்யாம விட்டா அடுத்த தலைமுறைக்கு எத்தனை ஆவாரங்குச்சின்னு யார் சொல்லுவா? மேனுவல் இல்லாத சாஃப்ட்வேர், எழுதினவன் ராஜினாமா பண்ணிட்டுப் போயாச்சு.

இதுக்குள்ள ஊசி என்னாச்சு? (பழமொழியே ஊசியைப் பத்தித்தானே!) இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊர், விக்டோரியா ராணி காலத்துல உலகத்துல பாதிக்கு மேல தையல் ஊசி அங்க இருந்துதான். அந்தக் கப்பல் ஊசி நம்ம கொல்லன் தெருவுக்கும் வந்துது. வித்தும் போச்சு! பழமொழி நானூறு சொன்னது ஆயிரம் வருஷத்துக்கு மேல தாங்கி, கடைசியில பொய்யாப் போச்சு. காலர் இறங்கிடுச்சா? நம்ம தமிழ்நாட்டுலயே ஊசி ஃபேக்டரி வந்தது 1949ல, நீலகிரியில கேத்தி பக்கம். அதுவும் ஒரு இங்கிலாந்து கம்பெனியோட கிளையாத்தான் ஆரம்பிச்சது. வீட்டுல போனி மார்க் ஊசி இருந்தா எடுத்துப் பாருங்க, அவங்களுதுதான்.

அப்புறம் சேலம் உருக்காலை. எங்க ஊர்க்காரனுக்கு இது தனி சென்டிமென்ட். கஞ்சமலைத் தாது இருக்கு, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இருக்கு, ரெண்டையும் சேர்த்து உருக்கலாம்னு அறுபதுகள்ல கனவு. 1967 ஜூலை 23ல, சேலம் உருக்காலையும் சேதுக் கால்வாயும் வேணும்னு அண்ணா முதலமைச்சரா இருந்தப்ப எழுச்சி நாளே நடத்தினாங்க. 1970ல இந்திரா காந்தி வந்து அடிக்கல் நாட்டினாங்க. உற்பத்தி ஆரம்பிச்சது 1981ல. ஹீத்தைக் கவுத்த அதே கரி விவகாரம், கூடவே தாதுவுல இரும்பு சதவீதம் முப்பத்தஞ்சு நாப்பதுதான்ங்கற கணக்கு. (சத்தீஸ்கர் பைலாடிலாவுல அறுபதுக்கு மேல.) கடைசியில வந்தது தாதுவை உருக்கற ஆலை இல்லை, வெளியில இருந்து வர்ற எவர்சில்வர் சுருளைத் தேச்சு மெலிசாக்கற ஆலை.

எங்க மாமா ஒருத்தர் அங்க ரோலிங்ல இருந்தார். சின்னப் பையனா நான், "மலையில இருந்து இரும்பு எடுத்துத்தானே மாமா செய்யறீங்க?"ன்னு கேட்டிருக்கேன். அவர் சிரிச்சார். "இல்லடா மாப்ள, மாவு வெளியூர்ல பிசைஞ்சு வரும். நாங்க சப்பாத்தி தேய்க்கிறதோட சரி. ஆனா எங்க சப்பாத்தி மாதிரி எவனும் தேய்க்க முடியாது." அந்தக் கடைசி வரியில ஒரு மிடுக்கு இருக்கும். நிஜம்தான், சேலம் ஸ்டெயின்லெஸ்னா அப்படி ஒரு பேரு. நம்ம பாக்கெட்டுல குலுங்கற சில்லறைக் காசுக்கு வட்டத் தகடுகூட அங்க வெட்டினதுதான். 1995ல சூட்டு உருட்டாலை வந்துது. சொந்தமா உருக்குற உலை வந்தது 2010ல. அதுலயும் போகிறது பழைய இரும்பும் ஃபெர்ரோகுரோமும்தான், மலை சும்மாதான் பாத்துட்டு நிக்குது. 2019ல ஆலையை விக்க டெண்டர் கேட்டப்ப வாசல்ல பந்தல் போட்டு உக்காந்தாங்க. மாமா அதுக்குள்ள ரிட்டயர்டு. ஆனாலும் தினமும் சாப்பாட்டுக் கேரியரோட போய் உக்காந்துட்டு வந்தார்.

இரும்பு மலை அடிவாரத்துல, வெளியூர் இரும்பை லாரியில கொண்டுவந்து இறக்கறது. இதுக்கு மேல கோல்ஸ் டு நியூகாஸிலுக்கு உதாரணம் வேணுமா?

வேணும்னா நியூகாஸிலே இருக்கு. அந்தப் பக்கத்துல கடைசியா இருந்த எல்லிங்டன் ஆழ்சுரங்கத்தை 2005 ஜனவரியில மூடினாங்க. அதே சமயத்துல டைன் துறைமுகத்துல கப்பல்ல இருந்து என்ன இறக்கினாங்க தெரியுமா? நிலக்கரி. வெளிநாட்டுக் கரி, ரஷ்யக் கரி உட்பட. நானூறு வருஷமா கேலிக்குச் சொன்னதை நிஜமாவே பண்ணிட்டாங்க! 2024 செப்டம்பர் 30ல இங்கிலாந்தோட கடைசி நிலக்கரி மின் நிலையத்தையும் நிறுத்தியாச்சு.

இந்தக் கதையைச் சுருக்கி அந்த மேனேஜருக்கு மெயில் போட்டேன். (நியூகாஸில் மைக்ரேஷன் பாவத்துக்குப் பரிகாரம்.) மூணு வரிதான் பதில் வந்துது. அவரோட தாத்தா அந்தப் பக்கச் சுரங்கத்துல முப்பது வருஷம் இருந்தாராம். அவங்க வீட்டுல அந்தப் பழமொழியை இப்ப சிரிக்கிறதுக்காக யாரும் சொல்றதில்லையாம். கால்ல அன்னிக்குச் சொன்னது வாய்தவறி வந்துடுச்சாம். இந்தத் தடவை சிரிப்பு பொம்மை எதுவும் இல்லை.

போன வாரம் அம்மாயி ஊருக்குப் போயிருந்தேன். அங்க ஆசாரிப் பட்டறை ஒண்ணு இன்னும் இருக்கு. நாங்க சின்னதுல நின்னு வேடிக்கை பாத்த பட்டறை, இப்ப மகன் நடத்தறார். அரிவாள் அடிச்சிட்டிருந்தார். "இரும்பு எங்கேருந்துங்கண்ணா?"ன்னேன். மூலையைக் காட்டினார். லாரியோட பழைய ஸ்பிரிங் பட்டைகள் அடுக்கி வச்சிருந்தார். சங்ககிரியில கிலோ கணக்குல எடுத்துட்டு வர்றாராம். "இதாங்க தம்பி நல்ல உருக்கு. கடையில விக்கிறது எல்லாம் வளையும்."

"இந்த மலையில எடுத்தா?"

"இதுலயா? இது வெறுங்கல்லுங்க தம்பி."

நான் ஓடை மண், காந்தம், ஆவாரங்குச்சி எல்லாம் சொன்னேன். துருத்திக்குப் பதிலா இருந்த மோட்டாரை நிறுத்திட்டுக் கேட்டார். "எத்தனை மணி நேரம் ஊதணும்னீங்க?" ரெண்டரைன்னேன். "அவ்வளவு நேரம் ஆட்டுத்தோல்ல ஊதினாங்களா... எங்க தாத்தா துருத்தி ஒண்ணு பரண்ல கிடந்துது, எலி தின்னுடுச்சு"ன்னார். மறுபடி மோட்டாரைப் போட்டுட்டார்.

வீட்டுக்குத் திரும்பற வழியில ஓடையில இறங்கினேன். காந்தம் இல்லை. போன் கவர்ல ஒரு சின்னக் காந்தம் இருக்குமே, அதைக் கழட்டி மணல்ல வச்சுப் பாத்தேன். ஒட்டுச்சுங்க! பழைய மாதிரியே கறுப்பா, புசுபுசுன்னு. நீங்களும் சித்தர் கோயில் பக்கம் போனா ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க, அமாவாசை மட்டும் வேண்டாம், கூட்டத்துல ஓடைக்கு இறங்க முடியாது.

மணி ரெண்டு ஆகப்போகுது. ரெண்டரைக்கு இங்கிலாந்து கால். ஆணி காத்துட்டிருக்கு, வரட்டுங்களா.